பாங்காக்கிலிருந்து வந்த பெரியப்பா

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், பெண் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், அந்தப் பெண், வாசலில் கட்டியிருந்த ஒரு கருப்புக் கிடா. கடைசியாக வந்து சேர்ந்தவர் பெரியம்மா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் நண்பன் பாலா. ‘பின்னாடியே வாரேன் மாப்ள’ என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். இன்னொருவர் என் பெரியப்பா வீரணன். அவர் இறந்து நாற்பது வருடமாகிறது.

ஆனால் அந்த வேனில் வந்தவர்களைக் கேட்டால், பெரியப்பா வரவில்லை என்று ஒருவர்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். அவருடைய முடி என் தலையில் இருந்தது.

படிக்காதவன் ஒரு முட்டாள்தனம் பண்ணினால் அரை நாளில் பண்ணி முடித்துவிடுவான். படித்தவன் அப்படி இல்லை. மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்து, பத்துக் காணொளி பார்த்து, முன்பணம் கட்டிப் பண்ணுவான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். எம்.எஸ்சி. கணிதம். திருமங்கலம் ரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். எங்கள் வம்சத்தில் முதல் வழுக்கையும் நான்தான் (என்று அப்போது எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்).

அப்பாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. “வெயில்ல நாத்து நட்ட தலையில எல்லாம் காடு மாதிரி முடி கெடக்கு. ஃபேனுக்கு அடியில உக்காந்து படிச்ச தலையில ஒண்ணையும் காணோம். படிப்பு உள்ள போனா முடி வெளிய போயிரும் போல.”

முப்பது வயதில் மூன்று பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் தரகரிடம், “மாப்ளைக்கு அண்ணன் வந்தாரு, மாப்ள எப்ப வருவாரு?” என்று கேட்டார்களாம். எனக்கு அண்ணனே கிடையாது.

முடி நடுவதை மதுரையிலேயே செய்திருக்கலாம். ஆனால் மதுரையில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாலும், “என்னண்ணே இங்கிட்டு?” என்று கேட்க ஒரு ஆட்டோக்காரர் இருப்பார். அவர் அம்மா வழியில் சொந்தமாகவும் இருப்பார். சிம்மக்கல்லில் டிக்கெட் போடும் ஆபீசில் வேலை பார்க்கும் பாலாதான் வழி சொன்னான். “பாங்காக் போயிரு மாப்ள. விசா வேணாம், ஹோட்டலும் அவங்களே பாத்துக்கிருவாங்க. அங்கிட்டு உன்னைய எவனுக்குத் தெரியும்?” மாடிக்குப் படி கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்தேன். வீட்டில், சென்னையில் பயிற்சி என்று சொன்னேன். நான் படித்தவன் என்பதால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. படிப்பினால் எனக்குக் கிடைத்த உருப்படியான வசதி அது ஒன்றுதான்.

போவதற்கு முன்னால் அந்தக் கிளினிக்கிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கேள்வி வந்தது. சின்ன வயதில் உங்கள் முடி எப்படி இருந்தது என்று ஒரு படம் அனுப்புங்கள். என்னுடைய சின்ன வயதுப் படங்கள் எல்லாவற்றிலும் நான் மொட்டை. (காய்ச்சல் வந்தால் மொட்டை, பரீட்சை வந்தால் மொட்டை. அம்மாவின் வேண்டுதல்களுக்கு என் தலைதான் காணிக்கை உண்டியல்.) அது இல்லையென்றால், நெருங்கிய ரத்த உறவு ஆண் ஒருவர் படமாவது அனுப்புங்கள் என்றார்கள். குடும்பத்து முடியமைப்பைப் பின்பற்றினால் இயற்கையாக இருக்கும் என்று என் ஆராய்ச்சியும் சொன்னது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு பெரிய படம்தான் உண்டு. பெரியப்பா படம். அவர் முப்பது வயதில் வயலில் பாம்பு தீண்டி இறந்தவர். எனக்கு வைத்திருப்பது அவர் பெயர். எனக்கு வாய்த்திருப்பதும் அவர் மூக்கு, அவர் தாடை என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கருப்பு வெள்ளைப் படம். பிளாஸ்டிக் மாலை, கீழே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. தார் ஊற்றியது போல அடர்ந்த முடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நெற்றியில் நேராக வந்து நிற்கும். இரண்டு பக்கமும் கிருதா தாடை வரை இறங்கும். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கும் படங்கள் சில உண்டு. பெரியப்பா, எந்தப் பக்கம் போய் நின்றாலும் நம்மைப் பார்க்க மாட்டார். நமக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கே பார்ப்பார். சிறுவயதில் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

மாலையைக் கழற்றிவிட்டு, படத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன். ‘இதே போல’ என்று கீழே எழுதினேன்.

பாங்காக் டாக்டர் சின்ன உருவம், மென்மையான கைகள். அவர் தன் மொழியில் போனிடம் பேசுவார், போன் ஆங்கிலத்தில் என்னிடம் பேசும். ஊதாப் பேனாவோடு வந்தவர் பெரியப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போன் கேட்டது: “இந்த மனிதர் விக் வைத்திருக்கிறாரா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் சொந்தப் பெரியப்பா. அது அசல் முடி.”

“முடி இவ்வளவு கீழே, இவ்வளவு நேராக வேண்டுமா? யாருக்கும் இப்படி இருக்காது.”

“எங்கள் குடும்பத்தில் இருக்கும்.”

“கிருதாவுமா?”

“அதேதான். அப்படியே வேண்டும்.”

டாக்டர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, போனில் இருந்த பெரியப்பாவுக்கு இரண்டு கையையும் கூப்பித் தலை குனிந்தார். அந்த ஊரில் எல்லோரையும் கும்பிடுவார்கள், மரியாதையான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். (அவர் ஆயிரம் முகம் பார்த்தவர். படத்தில் இருந்தது எப்படிப்பட்ட முகம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.)

மொட்டைத் தலையும் புள்ளிப் புள்ளியாகப் பொருக்குமாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கதவைத் திறந்ததும் அதிர்ந்து போனார். “என்ன தம்பி இது?” (புருஷனின் அண்ணன் பெயர் என்பதால் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.)

“அப்படியே திருப்பதி போயிட்டு வந்தேம்மா. வேண்டுதல்.”

அம்மா முகம் மலர்ந்தது. “அப்ப லட்டு எங்க?”

இதை என் ஆராய்ச்சி கணக்கில் எடுக்கவில்லை. ‘பாலா வண்டியில இருக்கு’ என்று சொல்லிவிட்டு ஓடினேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாங்கிய லட்டை அம்மா உதிர்த்து, தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நட்ட முடி முதலில் கொட்டும், சில மாதம் கழித்து முளைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படித்தான் நடந்தது. முதலில் நெற்றியில் ஒரு கரிக்கோடு மாதிரி தெரிந்தது. பிறகு அந்தக் கோடு தடித்தது. பிறகு கிருதா இறங்கியது. காலையில் பல் விளக்கிக்கொண்டே கண்ணாடி பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் கண்ணாடிக்குள் நான் கொஞ்சம் குறைந்திருப்பேன், இன்னொருவர் கொஞ்சம் கூடியிருப்பார். சீப்பை வைத்து மேல்வாக்காக இழுத்தால் அது மெதுவாகத் திரும்பி வந்து நெற்றியில் படுத்துக்கொள்ளும். அவருக்கு எப்படி வாரினால் பிடிக்குமோ அப்படி.

முதலில் கண்டுபிடித்தது அம்மா. கண்டுபிடித்தார் என்பதைவிட, அவர் உடம்பு கண்டுபிடித்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் கல்லூரி விட்டு நான் உள்ளே நுழைந்தேன். தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணன் வந்தால் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். என் அம்மா பெரியப்பாவை நேரில் பார்த்ததே இல்லை. அவர் இறந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு வாழ வந்தார். இருந்தாலும் எழுந்து நின்றார். நின்ற பிறகுதான், தான் நிற்பது அவருக்கே தெரிந்தது. பூண்டுத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அடுத்தது அப்பா. கொல்லையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பீடியைக் கைக்குள் மடக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கூட ஒரு இருமல். தலையில் பாதி நரைத்த மனிதர், தான் பெற்ற பையனைப் பார்த்து! பின்னால் புகை வந்துகொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காதது போல நின்றோம்.

“வா… வாங்க” என்றார் அப்பா.

“அப்பா, நான்தான்.”

“ஆமா ஆமா. நீதான்.” பீடி கையைச் சுட்டிருக்க வேண்டும். அப்படியும் முன்னால் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டியதே இல்லை. சின்ன வயதிலிருந்து நான் ஏங்கிய வரம். கிடைத்தபோது, ஒரு தடவை திட்டினால் தேவலை என்றிருந்தது.

டீக்கடையில் நடந்தது இதைவிட மோசம். கீழக்குயில்குடி விலக்கில், மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரம். பெஞ்சில் இருந்த மொக்கைச்சாமி ஐயா, அந்தக் காலத்தில் பெரியப்பாவோடு வேலைக்குப் போனவர், என்னைப் பார்த்ததும் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார்.

“வாங்கண்ணே. டீ சொல்லவா?”

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“ஐயா, நான் வீரணன்.”

“தெரியும்ணே” என்றார் மொக்கைச்சாமி ஐயா, ரொம்பப் பணிவாக.

ஒரே பெயரை வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் உட்காரவைத்து, ‘இது பாங்காக்கில் நட்டது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சொல்வதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? சென்னைப் பயிற்சி பொய், திருப்பதி பொய். அந்த லட்டைத் தெருவே கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டிருந்தது. இதற்கு நடுவில்தான் தமிழரசி வீட்டிலிருந்து சரி என்று செய்தி வந்தது. செக்கானூரணிப் பக்கம். திருநகரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிற பெண். தரகர் எந்தப் படத்தைக் கொடுத்தாரோ தெரியாது, என் முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத முதல் பெண் அவள். போனில் நாலைந்து முறை பேசினோம். நான் பித்தாகரஸ் தேற்றத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியபோதுகூடப் போனை வைக்கவில்லை. “ம்… அப்புறம்?” என்றாள். அந்த ‘அப்புறம்’ என்னைச் சாய்த்துவிட்டது. அவளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இழக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் வாயை மூடியிருந்த நேரத்தில் அப்பா கோடாங்கியிடம் போய் வந்துவிட்டார். கோடாங்கி உடுக்கை அடித்து, ‘அற்பாயுசுல போன ஆம்பள ஒருத்தரு பையன் மேல எறங்கியிருக்காரு, கல்யாணச் சோறு திங்காமப் போக மாட்டாரு’ என்று சொல்லியிருக்கிறார். பரிகாரம், ஒரு கருப்புக் கிடா.

வீட்டில் எல்லோருக்கும் இருந்த பெரிய பயம் பெரியம்மாவைப் பற்றித்தான். பெரியப்பாவின் மனைவி. இருபத்தைந்து வயதில் தாலி அறுத்தவர், பிள்ளை இல்லை, எங்களோடுதான் இருக்கிறார். நல்லவேளையாக முடி முளைப்பதற்கு முன்பே உசிலம்பட்டியில் தங்கச்சி மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். “மதினி இவனை இந்தக் கோலத்துல பாத்தா உசுரு தங்காது” என்று அப்பா ஏதேதோ சாக்குச் சொல்லி அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிற நாளைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல நாற்காலி எங்கள் வீட்டில் ஒன்றுதான். ஃபேன் காற்று வரும் என்று அதை எப்போதும் போடுகிற இடத்தில் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அது பெரியப்பா படத்துக்கு நேர் கீழே. புது மாலை. கீழே சிவப்பு பல்பு. அந்த வெளிச்சம் என் உச்சந்தலையில் விழுந்துகொண்டிருந்தது.

வேனில் வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். நிலைப்படி தாண்டியதும் ஒவ்வொருவராகப் பேச்சு அறுந்தது. தமிழரசியின் தாய்மாமன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடியும் மேலே பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஒரு அம்மா, “ஆத்தீ” என்று சொல்லி வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அதுவரை சத்தம் காட்டாமல் இருந்த கிடா கத்த ஆரம்பித்தது.

“மேல இருக்கது யாருங்க?” என்றார் தாய்மாமன்.

“எங்க அண்ணன். வீரணன்” என்றார் அப்பா.

“கீழ?”

அப்பா என் முடியைப் பார்த்தார். “அதுவும்… வீரணன்தான்.”

யாரும் காப்பியைத் தொடவில்லை. தமிழரசி மட்டும் பயப்படாமல் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. “அம்மா, அந்தப் போட்டோவுல கண்ணு நெசக் கண்ணு இல்ல. யாரோ வரைஞ்சிருக்காக. ரெண்டும் வேற வேற எடத்தப் பாக்குது.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு ஏதோ விளங்க ஆரம்பித்தது. சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஒரு மஞ்சப்பை தெரிந்தது. அதற்குப் பின்னால் பெரியம்மா.

“விசேசத்தை எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீகளா? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ சொல்லித்தான் தெரியுது” என்று சண்டைக்குத் தயாராக உள்ளே வந்தவர், என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“மதினி” என்றார் அப்பா.

பெரியம்மா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மஞ்சப்பை கையிலிருந்து நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தார். “அழாதீகக்கா, அழாதீக.”

பெரியம்மா அழவில்லை. மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவில் என்னைக் கையை நீட்டிக் காட்டிக் கேட்டார்:

“அடேய், எவன்டா உனக்கு வாய்க்கட்டுத் துணியத் தலையில கட்டிவிட்டது?”

யாருக்கும் புரியவில்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பெரியப்பா உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. இறந்த பிறகுதான் டவுனிலிருந்து ஆள் வரவழைத்து, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். “வாய் தொறந்துறக் கூடாதுன்னு தாடையோட சேத்து வெள்ளத் துணியக் கட்டி, நெத்தியச் சுத்தி முடிச்சு போட்டிருந்தாக. போட்டோக் கடைக்காரன் மூடுன கண்ணுக்கு மேல கண்ணு வரைஞ்சான். துணி தெரியக் கூடாதுன்னு துணி மேல முடி வரைஞ்சான். துணி எம்புட்டு அகலமோ அம்புட்டு முடி. காதோரமாத் துணி எறங்குதுல்ல? அதுதான் கிருதா.”

“அப்ப அண்ணனோட முடி?” அப்பா கேட்டார். அந்த நேரத்தில் அவர் பதினைந்து வயதுப் பையனாக ஆகிவிட்டிருந்தார்.

“முடியா? அவுகளுக்கு ஏது முடி? இவன மாதிரி சுத்தச் சொட்ட. தலப்பாவக் கழட்டி நீ என்னைக்காச்சும் பாத்திருக்கியா? யாருக்கும் காட்ட மாட்டாக. நான் ஒருத்திதான் பாத்திருக்கேன்.” சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. சுவரை அண்ணாந்து பார்த்தார். “நாப்பது வருசமா யாரோ ஒரு ஆம்பள படத்துக்கு வெளக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். செத்த வீட்டுல கெடந்தவ கிட்ட ஒரு வார்த்த கேட்டா வரைஞ்சாக?”

கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தப் படத்தையே பார்த்தோம். பேய் என்று பயந்ததைவிட, பேய் இல்லை என்று தெரிந்த பிறகு அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மொக்கைச்சாமி ஐயா வேட்டியை இறக்கியது, அம்மா எழுந்து நின்றது, அப்பா பீடியை ஒளித்தது, எல்லாம் ஒரு போட்டோக் கடைக்காரரின் பிரஷ்ஷுக்கு.

பிறகு, ஒரே நேரத்தில், எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

“அது துணின்னா,” என்றார் தாய்மாமன், “அந்தத் துணி எப்படி மாப்ள தலையில மொளைச்சது?”

தமிழரசியைப் பார்த்தேன். அவள், போனில் சொல்வது போலவே, “அப்புறம்?” என்றாள்.

“பாங்காக்” என்றேன்.

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பேய் பிடிச்ச மாப்ளைன்னாக்கூடக் கிடாயை வெட்டிச் சரி பண்ணிப்புடலாம். பாங்காக் போயிட்டு வந்த மாப்ளைய எந்தக் கோடாங்கிகிட்ட கூட்டிப் போறது?”

“மாமா, நான் முடிக்குத்தான் போனேன்.”

“எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குத்தான் போறாக.”

அம்மாவுக்கு வேறு கவலை. “அப்ப திருப்பதி லட்டு?”

“பெரியார் பஸ் ஸ்டாண்டும்மா.”

பேய்க்குக்கூடக் கலங்காத அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். “ஊரே கண்ணுல ஒத்துச்சேடா.”

எல்லோரும் வேனில் ஏறினார்கள். என் கல்யாணம் அந்த வேனில் ஏறிப் போவதைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. தமிழரசி மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி, ஜன்னல் வழியாகச் சொன்னாள். “மொதல்ல அந்தப் பெரியவரை எறக்கி விடுங்க. அப்புறம் நீங்க யாருன்னு பாத்துச் சொல்றேன்.”

அன்று சாயங்காலமே சலூனில் போய் உட்கார்ந்தேன். கத்தி நெற்றிக் கோட்டில் இறங்கியபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. இரண்டாவது முறையாக ஒருவரை வழியனுப்புவது போல இருந்தது. மழித்த தலையைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். பதில் வர வெகுநேரமாயிற்று.

‘இவரு யாரு? பாக்க நல்லா இருக்காரே.’

தாய்மாமனைச் சமாளித்தது அவளுடைய வேலை. எப்படி என்று இன்றுவரை சொல்லவில்லை. கிடாயை, வாங்கியது வாங்கியாகிவிட்டது என்று கல்யாணத்துக்கே வெட்டினோம். (கோடாங்கி சொன்னது பலித்துவிட்டது என்று மொக்கைச்சாமி ஐயா இன்னும் நம்புகிறார்.) மாடிக்கு இன்னும் படி இல்லை. துணி காயப்போட ஏணியில்தான் ஏறுகிறோம்.

ஆனால் நட்ட முடி லேசில் விடுகிற முடி இல்லை. வாரம் தவறினால் நெற்றியில் கரிக்கோடு தெரியும். தமிழரசி சாப்பாட்டை வைத்துக்கொண்டே, “உங்க பெரியப்பா எட்டிப் பாக்குறாரு, போயி வழிச்சுட்டு வாங்க” என்பாள். அப்பா அதைக் கேட்டதும் பீடியை ஒளிப்பது போல நடிப்பார். அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார். விருந்தாளி யார் வந்தாலும் மூன்று பேரும் இதை ஒரு முறை நடித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு பெரியம்மா அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மஞ்சப்பைக்குள் போட்டு என்னோடு சிம்மக்கல்லுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் படம் திருத்தும் கடை. முடியை எடுக்க வேண்டும் என்றார். எங்கள் கடையில் முடி வைக்கத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்றார் கடைக்காரர். “முடிய எடுத்துட்டாத் தலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதேம்மா. குடும்பத்துல யாரு போட்டோவாவது இருக்கா?”

பெரியம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து என் பழைய பாஸ்போர்ட் படத்தை எடுத்தார். பாங்காக் போவதற்கு முன்னால் எடுத்தது. “இவன் தலையத் தூக்கி அவுகளுக்கு வையி. அப்படியே கண்ணை மூடி விட்டுரு. அவுக தூங்கட்டும்.”

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வழுக்கைத் தலை மனிதர் கண்ணை மூடி இருக்கிறார். பெரியம்மா அதை மாட்டிய அன்று வெகுநேரம் பார்த்தார். “இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காக” என்றார். சிவப்பு பல்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

பாங்காக், கோடாங்கி, கிடா, பஸ் ஸ்டாண்டு லட்டு, சிம்மக்கல் கடை, எல்லாம் சேர்த்து ஆன செலவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய். இதில் முடி வைத்த செலவு வீண், முடி எடுத்த செலவுதான் உருப்படி என்பார் பெரியம்மா. அது ஃப்ரேமோடு சேர்த்து நானூற்றைம்பது.